எம்ஐடியா, ஜிபிஎல்லா, ஏஜிபிஎல்லா? உங்கள் திட்டத்துக்கு உரிமம் தேர்ந்தெடுக்கும் முன்

நிரலை எழுதி முடித்தாகிவிட்டது; களஞ்சியத்தைப் பொதுவில் திறக்கப் போகிறீர்கள். உரிமம் கேட்கும் பெட்டியில் எம்ஐடி (MIT), அப்பாச்சி (Apache), எம்பிஎல் (MPL), ஜிபிஎல் (GPL) என்று திறந்த மூல உரிமங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன; பிறர் உங்கள் நிரலை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்பவை இவை. இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஊரெல்லாம் எம்ஐடி வைக்கிறது என்று தாமும் அதையே வைக்கிறார்கள். இல்லையென்றால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டுவிடுகிறார்கள்.

காலியாக விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்குச் சேர்ந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே உரிமம் இல்லாத நிரலைப் பார்க்கலாம், படிக்கலாம்; ஆனால் எடுத்துத் தம் மென்பொருளில் சேர்க்கவோ, மாற்றி வெளியிடவோ யாருக்கும் அனுமதி இல்லை. கிட்ஹப்பில் பொதுவில் வைத்தால் அந்தத் தளத்துக்குள் பார்க்கவும், தம் கணக்கில் ஒரு பிரதியாகக் கிளை (fork) எடுக்கவும் மட்டும் தளத்தின் விதிமுறை இடம் தருகிறது. கவனமுள்ள நிறுவனங்கள் உரிமம் இல்லாத நிரலைத் தொடுவதே இல்லை.

அடுத்து வரும் கேள்வி, 'எது அதிகச் சுதந்திரம் தருகிறது?' என்பது. அந்தக் கேள்வி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. எம்ஐடி, நிரலை எடுத்துக்கொள்ளும் நிரலாளருக்கு அதிகச் சுதந்திரம் தருகிறது. ஜிபிஎல், அந்த நிரல் ஓடும் கருவியைக் கையில் வைத்திருக்கும் கடைசிப் பயனருக்குத் தருகிறது. யாருக்கு என்று சொல்லாமல் எவ்வளவு என்று அளக்க முடியாது. கேட்க வேண்டியவை இரண்டே: கடமை எப்போது தொடங்குகிறது? தொடங்கினால் எதுவரை போகிறது? ஏறத்தாழ எல்லா உரிமங்களையும் இந்த இரண்டு கேள்விகளாலேயே வகைப்படுத்திவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

கடமை தொடங்கும் இடம். பெரும்பாலான உரிமங்களில், மென்பொருளின் பிரதி இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் கடமை தொடங்குகிறது. உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே ஓட்டினால், மாற்றியிருந்தாலும், ஜிபிஎல்கூட எதுவும் கேட்காது. செயலியைக் கடையில் ஏற்றுவது, நிரல் பதிந்த கருவியை விற்பது, நிறுவியைத் தரவிறக்க வைப்பது, உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்புவது எல்லாமே பிரதி கைமாறுவதுதான். இந்த நான்காவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பரவும் தூரம். அறிவிப்பை வைத்திருந்தால் போதுமா? மாற்றிய கோப்பைத் தர வேண்டுமா? அந்த லைப்ரரியை மட்டும் தர வேண்டுமா? அதோடு இணைந்த முழு மென்பொருளையுமே தர வேண்டுமா?

பேட்டன்ட். பதிப்புரிமை நிரலின் வரிகளைக் காக்கிறது. பேட்டன்ட் அதிலுள்ள முறையைக் காக்கிறது. பங்களித்தவர் தம் நிரலுக்குப் பதிப்புரிமை அனுமதி தந்துவிட்டு, பேட்டன்ட்டைக் காட்டிப் பின்னால் வழக்குப் போட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

மற்றவற்றோடு சேருவது. நீங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் உரிமங்களும், உங்களைச் சார்ந்திருக்கப்போகும் திட்டங்களின் உரிமங்களும், ஒரே மென்பொருளாகச் சேர்த்து வெளியிட இடம் தருகின்றனவா என்பது.

பின்னால் மாற்றும் செலவு. இதைத் தேர்ந்தெடுக்கும் நாளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

| உரிமம் | கடமை தொடங்குவது | எதுவரை | பேட்டன்ட் அனுமதி | 'ஜிபிஎல் 2 மட்டும்' நிரலோடு | ஜிபிஎல் 3 நிரலோடு |
|---|---|---|---|---|---|
| எம்ஐடி, பிஎஸ்டி | பிரதி கைமாறும்போது | அறிவிப்பு மட்டும் | எழுத்தில் இல்லை | சேரும் | சேரும் |
| அப்பாச்சி 2.0 | பிரதி கைமாறும்போது | அறிவிப்பு, மாற்றக் குறிப்பு | உண்டு | சேராது | சேரும் |
| எம்பிஎல் 2.0 | பிரதி கைமாறும்போது | அந்தந்தக் கோப்பு | உண்டு | சேரும் | சேரும் |
| எல்ஜிபிஎல் 2.1 | பிரதி கைமாறும்போது | அந்த லைப்ரரி | எழுத்தில் இல்லை | சேரும் | சேரும் |
| ஜிபிஎல் 2 | பிரதி கைமாறும்போது | இணைந்த முழு மென்பொருள் | எழுத்தில் இல்லை | சேரும் | 'அல்லது பிந்தைய பதிப்பு' என்று இருந்தால் மட்டும் |
| ஜிபிஎல் 3 | பிரதி கைமாறும்போது | இணைந்த முழு மென்பொருள் | உண்டு | சேராது | சேரும் |
| ஏஜிபிஎல் 3 | அதோடு, மாற்றியதை வலைவழி பயன்படுத்த விடும்போதும் | இணைந்த முழு மென்பொருள் | உண்டு | சேராது | சேரும் |

## எம்ஐடி, பிஎஸ்டி

எம்ஐடி ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். என்ன வேண்டுமானாலும் செய்துகொள், பதிப்புரிமை வரியையும் இந்த உரிமத்தையும் பிரதியோடு வை, ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே: அவ்வளவுதான். ரியாக்ட், ஜேகுவரி, ரூபி ஆன் ரெயில்ஸ் எல்லாம் இதன்கீழ்தான் வருகின்றன. பிஎஸ்டியின் இரண்டு கூறு வடிவம் ஏறக்குறைய இதுவே. மூன்று கூறு வடிவம், எழுதியவர் பெயரைக் காட்டி உங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடாதே என்று சேர்த்துச் சொல்கிறது. பழைய நான்கு கூறு வடிவத்தில் விளம்பரங்களில் நன்றி தெரிவிக்கும் கட்டாயம் இருந்தது. பெர்க்லி பல்கலைக்கழகம் 1999-இல் தன் நிரல்களுக்கு அதைக் கைவிட்டது. எங்காவது அந்த நான்கு கூறு வடிவத்தைப் பார்த்தால் நின்று படியுங்கள், ஜிபிஎல்லோடு அது சேராது.

இவ்வளவு எளிய உரிமத்தை மீறவே முடியாது என்று தோன்றும். ஆனால் அன்றாடம் மீறப்படுவது இதுதான். ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கும் கருவிகள் குறிப்புரைகளை அழித்துவிடும். அதோடு சேர்ந்து பதிப்புரிமை வரியும் போய்விடும். அந்தச் சுருக்கிய கோப்பு உலாவிக்குப் போகும்போது பிரதி கைமாறுகிறது, அறிவிப்பு கூடவே போகவில்லை. சாய்கோடு, நட்சத்திரக் குறி, அதையடுத்து ஆச்சரியக்குறி என்று தொடங்கும் குறிப்புரைகளைப் பல கருவிகள் விட்டுவைக்கும். அல்லது உரிமங்களைத் தனிக் கோப்பாகத் தொகுக்கும் அமைப்பை இயக்கலாம். கைப்பேசிச் செயலி என்றால் 'உரிமங்கள்' என்றொரு திரை வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பேட்டன்ட்டில் இருக்கிறது. எம்ஐடியில் அந்தச் சொல்லே வராது. 'பயன்படுத்தலாம், விற்கலாம்' என்று சொன்னாலே அனுமதி தந்ததாக அர்த்தம் என்று வாதிடலாம்; எழுத்தில் இருப்பதற்கு அது ஈடாகாது. ஃபேஸ்புக்கின் ரியாக்ட் முன்பு பிஎஸ்டியோடு தனிப் பேட்டன்ட் கோப்பு ஒன்றும் சேர்த்து வந்தது. ஃபேஸ்புக் மீது பேட்டன்ட் வழக்குத் தொடுத்தால் அந்த அனுமதி போய்விடும் என்பது அதன் சாரம். 2017-இல் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்தச் சேர்க்கைக்கு இடமில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது.

சிறிய லைப்ரரி, எடுத்துக்காட்டு நிரல், எங்கும் பரவ வேண்டிய நெறிமுறைச் செயலாக்கம் ஆகியவற்றுக்கு இது சரியான தேர்வு. உங்கள் நிரலை யாரோ மூடிய பொருளில் போட்டு விற்று, ஒரு திருத்தம்கூடத் திருப்பி அனுப்பாமல் போனால் மனம் பொறுக்குமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பொறுக்காது என்றால் இது உங்கள் உரிமம் அல்ல.

## அப்பாச்சி 2.0

2004 ஜனவரியில் வந்தது. எம்ஐடி தரும் அனுமதிகளை எல்லாம் தருகிறது. கூடுதலாக மூன்று காரியங்களை எழுத்தில் வைக்கிறது. பங்களிக்கும் ஒவ்வொருவரும் தம் பங்களிப்பைத் தொடும் பேட்டன்ட்டுகளுக்கு அனுமதி தருகிறார். இந்த மென்பொருள் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால், இந்த மென்பொருளுக்காக அவருக்குக் கிடைத்திருந்த பேட்டன்ட் அனுமதி முடிந்துபோகும். மூன்றாவதாக, வேறாகச் சொல்லாவிட்டால், உங்களுக்கு வந்துசேரும் பங்களிப்பும் இதே உரிமத்தில்தான் வருகிறது. வெளியாரின் பங்களிப்பை எதிர்பார்க்கும் திட்டத்துக்கு இந்த மூன்றாவது எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்பது போகப்போகத் தெரியும். ஆண்ட்ராய்டின் பெரும்பகுதியும் குபெர்னெட்டிஸும் இதில்தான் இருக்கின்றன. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் 3.0 பதிப்பில் இதற்கு மாறியது.

கடமைகளும் சற்றுக் கூடும். மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்ற குறிப்பு இருக்க வேண்டும். மூலத்தில் 'நோட்டீஸ்' என்றொரு கோப்பு இருந்தால் அதிலுள்ள பெயர்க்குறிப்புகளை உங்கள் பிரதியிலும் கொண்டுபோக வேண்டும். உரிமக் கோப்பை எடுத்துக்கொண்டு நோட்டீஸை விட்டுவிடுவது வழக்கமான தவறு.

பெரிய சிக்கல் ஒன்று: 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று வெளியான நிரலோடு இது சேராது. அப்பாச்சியின் பேட்டன்ட் முடிவு விதி, ஜிபிஎல் 2 அனுமதிக்காத கூடுதல் நிபந்தனை என்பதே ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். உங்கள் கட்டளைவரிக் கருவிக்கு மூன்று லைப்ரரிகள் தேவைப்படுகின்றன: ஜேசன் படிப்பான் எம்ஐடி, வலை இணைப்பு லைப்ரரி அப்பாச்சி 2.0, வட்டுப் பகிர்வைப் படிக்கும் லைப்ரரி ஜிபிஎல் 2 மட்டும். மூன்றையும் உங்கள் கணினியில் இணைத்து ஓட்டலாம், தடையில்லை. ஒரே இருமக் கோப்பாக (கணினி நேரடியாக ஓட்டும் கோப்பாக) கட்டி வெளியிடும்போது முழுமையும் ஜிபிஎல் 2-இல் இருக்க வேண்டும். அப்பாச்சிப் பகுதி அதற்குள் அடங்காது. உங்கள் சொந்த நிரலுக்கு நீங்கள் எந்த உரிமத்தை வைத்தாலும் இது தீராது. மூன்றாவது லைப்ரரியின் கோப்புத் தலைப்பில் 'அல்லது பிந்தைய எந்தப் பதிப்பும்' என்ற தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஜிபிஎல் 3-ஐ எடுத்துக்கொண்டு முழுதையும் அதில் வெளியிடலாம். இல்லையென்றால் இரண்டில் ஒரு லைப்ரரியை மாற்ற வேண்டும், அல்லது உரிமையாளரிடம் விதிவிலக்குக் கேட்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அறிந்துதான் ரஸ்ட் நிரல்மொழி உலகம் 'எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0' என்று இரண்டையும் தந்து, எடுப்பவர் விருப்பத்துக்கு விடுகிறது. கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் வேறு வழியில் போனது: அப்பாச்சி 2.0-ஓடு தனி விதிவிலக்கு ஒன்றை எழுதிச் சேர்த்தது. எதையும் கட்டாயப்படுத்த விரும்பாத, ஆனால் நிறுவனங்களின் பங்களிப்பும் வர வேண்டிய நடுத்தரத் திட்டத்துக்கு, எம்ஐடியைத் தனியாக வைப்பதைவிட இந்த இரட்டை ஏற்பாட்டையே நான் பரிந்துரைப்பேன்.

## எம்பிஎல் 2.0

தகுதிக்கேற்ற கவனம் கிடைக்காத உரிமம் இது. கடமை கோப்பு அளவில் நிற்கிறது. எம்பிஎல் கோப்பை மாற்றி வெளியிட்டால் அந்தக் கோப்பின் மூலத்தை (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரலை) தர வேண்டும்; பக்கத்திலேயே நீங்கள் எழுதிய புதுக் கோப்பை மூடியே வைத்துக்கொள்ளலாம், அதில் எம்பிஎல் வரிகளைப் படியெடுக்காதவரை. பேட்டன்ட் அனுமதி உண்டு. முதல்முறை மீறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை நிலைக்கும். ஃபயர்பாக்ஸும் லிப்ரேஆபீஸும் இதில் வருகின்றன.

எதையும் எப்படி இணைத்தீர்கள், கட்டும்போதே நிலையாகவா, ஓடும்போது இயங்குநேரத்திலா என்று இது கேட்பதில்லை. எல்லை கண்ணுக்குத் தெரிகிற கோப்பு. அதனால் நிறுவனச் சட்டப் பிரிவுகள் இதை எளிதில் ஏற்கின்றன. உங்கள் லைப்ரரியில் வரும் திருத்தங்கள் திரும்பி வர வேண்டும், ஆனால் அதைப் பயன்படுத்தும் மென்பொருளைத் தொட விருப்பமில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

குறை என்னவென்றால், ஒருவர் உங்கள் கோப்பில் ஒரு சிறு கொக்கியை மட்டும் போட்டுவிட்டு, பெரிய மேம்பாட்டைத் தனிக் கோப்பில் மூடி வைத்துக்கொள்ள முடியும். சட்டப்படி சரி. இன்னொன்று, 'இரண்டாம்நிலை உரிமங்களுக்குப் பொருந்தாது' என்ற அறிவிப்பு சேர்ந்த எம்பிஎல் நிரல் ஜிபிஎல்லோடு சேராது. அரிது, ஆனாலும் கோப்புத் தலைப்பைப் பார்த்துவிடுங்கள்.

## எல்ஜிபிஎல்

ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம் இது. எண்ணம் நல்லது: லைப்ரரி திறந்தே இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தும் செயலி எப்படியும் இருக்கலாம். லினக்ஸில் பரவலாக உள்ள சி மொழி லைப்ரரியான ஜிலிப்சி (glibc) இதன்கீழ்தான் வருகிறது. நடைமுறையில் கடமை லைப்ரரியோடு நின்றுவிடுவதில்லை. பயனர் அந்த லைப்ரரியின் மாற்றிய வடிவத்தைப் போட்டு உங்கள் செயலியை ஓட்ட முடிய வேண்டும். இயங்குநேரத்தில் ஏற்றும் தனிக் கோப்பு என்றால் சிரமமில்லை, கோப்பை மாற்றினால் போதும். நிலையாக இணைத்து ஒரே இருமக் கோப்பாக்கினால், மறுபடி இணைத்துக்கொள்ளத் தேவையான உங்கள் செயலியின் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (இணைப்பதற்கு முந்தைய நிலைக் கோப்புகளை) தர வேண்டும். கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் நிலை இணைப்பே வழக்கம் என்பதால் அங்கே எல்ஜிபிஎல் லைப்ரரியைக் கண்டாலே பலர் விலகிப்போகிறார்கள். அந்த மொழிகளில் புதிதாக லைப்ரரி எழுதுபவருக்கு எம்பிஎல் 2.0 இதே நோக்கத்தைக் குறைந்த தலைவலியில் நிறைவேற்றும்.

கட்டமைப்புத் தெரிவும் உரிமத்தை மாற்றிவிடும். காணொளி, ஒலிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) இயல்பாக எல்ஜிபிஎல் 2.1. கட்டும்போது ஜிபிஎல் பகுதிகளைச் சேர்க்கும் தெரிவை இயக்கினால் (எக்ஸ்264 காணொளிக் குறியாக்கிக்காகப் பலர் இயக்குவார்கள்) விளைவது ஜிபிஎல். எங்கிருந்தோ தரவிறக்கிய ஆயத்த இருமக் கோப்பைச் செயலியில் வைத்தவர்கள், அது எந்தத் தெரிவோடு கட்டப்பட்டது என்று பார்த்தாக வேண்டும்.

## ஜிபிஎல் 2, ஜிபிஎல் 3

பிரதி கைமாறினால் முழு மென்பொருளின் மூலமும் அதே உரிமத்தில் கைமாற வேண்டும். வலிமையான கடமை, தெளிவான நோக்கம்: இந்த நிரல் இனி எந்த மூடிய பொருளுக்குள்ளும் மறையக்கூடாது. லினக்ஸ் கருவும், பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் (Git) என்பதும் ஜிபிஎல் 2-இல் உள்ளன. ஜிபிஎல் 2 வெளியானது 1991-இல்.

2007 ஜூனில் வந்த 3-ஆம் பதிப்பு மூன்று இடங்களில் வேறுபடுகிறது. பேட்டன்ட் அனுமதி எழுத்தில் வந்தது. வீட்டு நுகர்வோர் கருவிகளில் மாற்றிய நிரலை ஏற்றி ஓட்டத் தேவையான திறவுகோல்களையும் தகவல்களையும் தர வேண்டும் என்று வந்தது. மூலத்தைக் கொடுத்துவிட்டு, கையொப்பம் இல்லாத நிரலை ஏற்றவிடாமல் பூட்டும் கருவிகளுக்கு எதிரான விதி இது. மூன்றாவது, மன்னிப்புக் காலம். 2-ஆம் பதிப்பில் மீறிய கணமே உரிமை தானாக ரத்தாகிறது, திரும்பப் பெற உரிமையாளர் தயவு வேண்டும். 3-இல் முதல்முறை மீறுபவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை மீள்கிறது. லினக்ஸ் கருவின் பங்களிப்பாளர்கள் பலர் 2017-இல் இந்த மன்னிப்பு விதியைத் தாமும் பின்பற்றுவதாக அறிவித்தார்கள்.

எந்தப் பதிப்பு என்பதைவிட, '-மட்டும்' என்றா 'அல்லது பிந்தையது' என்றா என்பது பெரிய முடிவு. உரிமக் கோப்பின் வாசகம் இரண்டுக்கும் ஒன்றுதான்! வேறுபாடு கோப்புத் தலைப்பிலோ அறிமுகக் கோப்பிலோ நீங்கள் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. பதிப்பு எண்ணே சொல்லாமல் விட்டால், இதுவரை வெளியான எந்தப் பதிப்பையும் எடுப்பவர் தேர்ந்துகொள்ளலாம் என்று உரிமமே சொல்கிறது. ஆக, கோப்பை மட்டும் போட்டுவிட்டுப் போவது முடிவெடுக்காமல் விட்டதாகவே ஆகும்.

மறைந்த செலவுகள்: சில செயலிக் கடைகளின் விதிமுறைகளோடு ஜிபிஎல் மோதும். காணொளி இயக்கியான விஎல்சி 2011 ஜனவரியில் ஆப்பிளின் கடையிலிருந்து எடுக்கப்பட்டது இதனால்தான். அதையடுத்து அதன் மைய லைப்ரரியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற நூற்றுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. இருமக் கோப்பை மட்டும் தந்து மூலத்தைக் கேட்டால் அனுப்புகிறோம் என்று எழுதிக்கொடுத்தால், ஜிபிஎல் 2-இன்படி அந்த வாக்கு குறைந்தது 3 ஆண்டு செல்ல வேண்டும். அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் மூலத்தையும் கட்டும் வரைவுகளையும் அத்தனை காலம் பத்திரப்படுத்த வேண்டும் என்று பொருள். மூலத்தை இருமக் கோப்பின் பக்கத்திலேயே வைத்துவிடுவது எளிது.

முழுச் செயலியாக வாழப்போகும் மென்பொருளுக்கு, அதிலும் பயனர் தம் கணினியில் நிறுவுவதற்கு, ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது சரியான தேர்வு. பிறர் நிரலுக்குள் நுழைய வேண்டிய சிறு லைப்ரரிக்கு வைத்தால், பெரும்பாலானோர் அதைவிட்டு எம்ஐடி உரிமத்தில் உள்ள மாற்றைத் தேடிப் போவார்கள்.

## ஏஜிபிஎல் 3

ஜிபிஎல்லில் ஒரு திறப்பு இருக்கிறது. சேவையகத்தில் ஓடும் நிரலைப் பயனர் வலைவழி பயன்படுத்தும்போது பிரதி கைமாறுவதில்லை, கடமையும் தொடங்குவதில்லை. 2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல் 3-இன் 13-ஆம் பிரிவு அதை மூடுகிறது: நிரலை மாற்றி ஓட்டினால், வலைவழி பயன்படுத்தும் எல்லாருக்கும் அந்த மாற்றிய வடிவத்தின் மூலத்தைப் பெற வழி காட்ட வேண்டும். மாஸ்டடானும் நெக்ஸ்ட்கிளவுடும் இதில் உள்ளன. கிராஃபானா 2021-இல் அப்பாச்சியிலிருந்து இதற்கு மாறியது.

பலர் நினைப்பதுபோல், ஏஜிபிஎல் மென்பொருளை ஓட்டினாலே எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்பதில்லை. மாற்றாமல் ஓட்டினால் 13-ஆம் பிரிவு எதுவும் கேட்காது. ஏஜிபிஎல் தரவுத்தளத்தோடு தனிச் செயலி வலையிணைப்பு வழியே பேசுவதும், ஏஜிபிஎல் லைப்ரரியைச் செயலிக்குள்ளேயே இணைப்பதும் ஒன்றல்ல; இரண்டாவதில் முழுச் செயலியும் உள்ளே வந்துவிடும்.

ஆனால் அச்சம் உண்மையான செலவு. கூகுள் தன் பொது ஆவணத்திலேயே ஏஜிபிஎல் நிரலை நிறுவனத்தில் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அப்படித் தடை வைத்திருக்கும் நிறுவனங்களின் பயன்பாடும் பங்களிப்பும் உங்களுக்கு வராது. சிலர் இதையே வருமானமாக்குகிறார்கள்: ஏஜிபிஎல் வேண்டாதவருக்குக் கட்டண உரிமம். அதற்கு எல்லாப் பங்களிப்பாளர்களிடமும் உரிமை ஒப்பந்தம் வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தைக் கண்டு ஒதுங்கும் பங்களிப்பாளர்களும் உண்டு.

சேவையகத்தில் ஓடும் முழுச் செயலி, பெரிய மேகக்கணினி நிறுவனம் எடுத்து மாற்றி விற்றுவிடும் என்ற கவலை, திறந்த மூலமாகவே இருக்க வேண்டும் என்ற உறுதி: இந்த மூன்றும் சேர்ந்தால் ஏஜிபிஎல்லைத் தயங்காமல் எடுங்கள்.

## கோட்டுக்கு வெளியே நிற்பவை

எஸ்எஸ்பிஎல் (SSPL), பிஎஸ்எல் (BSL) ஆகிய உரிமங்களில் மூலம் தெரியும். ஆனால் அவை திறந்த மூல உரிமங்கள் அல்ல. எது திறந்த மூலம் என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேடிவ் அமைப்பின் பத்து அளவுகோல்களில் ஒன்று, எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது. மாங்கோடிபி 2018-இல் எஸ்எஸ்பிஎல்லுக்குப் போனது; அந்த உரிமத்தை இந்த அமைப்பின் அங்கீகாரத்துக்கு அனுப்பி 2019-இல் தானே திரும்பப் பெற்றது. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் எம்பிஎல்லிலிருந்து பிஎஸ்எல்லுக்கு மாற, அதன் டெர்ராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு தனிக் கிளையாகப் பிரிந்தது. ரெடிஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட, வால்கீ பிரிந்தது. இதேபோல் விலகியிருந்த எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் ஏஜிபிஎல்லை ஒரு தெரிவாகச் சேர்த்துத் திரும்பின. இவற்றை வைப்பது உங்கள் உரிமை. வைத்துவிட்டுத் 'திறந்த மூலம்' என்று மட்டும் எழுதாதீர்கள். நம்பி வந்தவரை அது ஏமாற்றுகிறது.

'நன்மைக்கு மட்டும் பயன்படுத்துக' போன்ற வரிகளைச் சேர்ப்பதும் இதே வகை. ஜேசன் உரிமத்தில் அப்படி ஒரு வரி இருப்பதாலேயே பல வெளியீட்டுத் தொகுப்புகள் அதை ஒதுக்குகின்றன.

பதிப்புரிமையையே கைவிட நினைப்பவர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி0-வை (CC0) தேடுவார்கள். அது பேட்டன்ட் உரிமைகளை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. லினக்ஸ் வெளியீடான ஃபெடோரா 2022-இல் புது நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. அந்த நோக்கத்துக்குப் பூஜ்ஜிய கூறு பிஎஸ்டி (0BSD) போதும். ஆவணங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ், எழுத்துருக்களுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் என்று தனித்தனியே வையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை நிரலுக்கு வைக்க வேண்டாம் என்கிறது.

## பின்னால் மாற்றினால்

வெளியிட்ட பதிப்பு வெளியிட்டதுதான். அதன் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. புதிய பதிப்புகளுக்கு மட்டுமே மாற்றலாம். தளர்ந்ததிலிருந்து இறுக்குவது சட்டப்படி எளிது. எம்ஐடி வரிகளை, அறிவிப்பை வைத்துக்கொண்டு, ஜிபிஎல் திட்டத்துக்குள் கொண்டுபோகலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் பழைய பதிப்பு அதே தளர்வில் வெளியே நிற்கும். பயனர்கள் மனமுடைந்தால் அங்கிருந்து கிளை பிரியும். மேலே சொன்ன ஓப்பன்டோஃபுவும் வால்கீயும் அப்படி வந்தவைதான். இறுக்கியதிலிருந்து தளர்த்த, வரி எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். சம்மதிக்காதவர் வரிகளைத் திரும்ப எழுத வேண்டும்.

தனியாளாக இருக்கும்வரை எந்தப் பக்கமும் போகலாம். ஆகவே முடிவில் ஐயமிருந்தால், முதல் வெளியாரின் திருத்தத்தைச் சேர்க்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள். சந்தேகமாக இருக்கும்போது சற்று இறுக்கமானதில் தொடங்குவதே என் தேர்வு: தளர்த்தினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

## முடிவெடுத்த பிறகு செய்ய வேண்டியவை

1. வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். அலுவலக நேரத்திலோ அலுவலகக் கணினியிலோ எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். சொந்தமில்லாததற்கு உரிமம் தர முடியாது.
2. உரிமத்தின் முழு வாசகத்தையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் களஞ்சியத்தின் வேர் அடைவில் வையுங்கள். எம்ஐடியில் ஆண்டு, பெயர் இரண்டையும் நிரப்புங்கள். மாதிரி வாசகத்தில் உள்ள அடைப்புக்குறிகளோடு விட்டுவிடுபவர்கள் உண்டு. வாசகத்தைத் திருத்தினால் தளத்தின் கண்டறி கருவி 'வேறு' என்று காட்டும். நிறுவனங்களின் தானியங்கிச் சோதனையிலும் தோற்கும்.
3. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் (SPDX, உரிமங்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) அடையாள வரி ஒன்று போடுங்கள். ஜிபிஎல் குடும்பம் என்றால் '-மட்டும்' (-only) அல்லது '-பிந்தையதும்' (-or-later) என்ற பின்னொட்டுக் கட்டாயம். பின்னொட்டில்லாத பழைய அடையாளங்கள் இப்போது வழக்கொழிந்தவை.
4. தொகுப்பு மேலாளருக்கான விவரக் கோப்பிலும் அதே அடையாளத்தை எழுதுங்கள். களஞ்சியத்தில் அப்பாச்சி, விவரக் கோப்பில் எம்ஐடி என்று முரண்படும் திட்டங்கள் ஏராளம். எதை நம்புவது என்று எடுப்பவருக்குத் தெரியாது.
5. பங்களிப்பு வழிகாட்டியில், வரும் திருத்தம் இதே உரிமத்தில்தான் வருகிறது என்று எழுதுங்கள். லினக்ஸ் 2004 முதல் பயன்படுத்தும் மூலச் சான்று முறை, அதாவது கமிட்டில் ஒரு கையொப்ப வரி, பெரும்பாலான திட்டங்களுக்குப் போதும்.
6. சார்புகளின் உரிமங்களைப் பட்டியலிடும் கருவியைத் தானியங்கிச் சோதனையில் சேருங்கள். நேரடிச் சார்புகளை மட்டும் பார்த்தால் போதாது. சார்பின் சார்பாக மூன்றாம் அடுக்கில் ஒரு ஜிபிஎல் லைப்ரரி வந்து உட்கார்ந்திருக்கும். உரிமம் 'தெரியவில்லை' என்று வரும் தொகுப்பை அனுமதிக்கப்பட்டதாக எண்ணாமல், சோதனை தோற்கும்படி அமையுங்கள்.